மதிலோரத் தடம்

ஆமை என்றால் தண்ணீரில் இருப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஐம்பதை எட்டிப் பிடிக்கும் வயதில் ஒரு தமிழாசிரியன் இப்படிச் சொல்வது வெட்கம்தான். ஆனால் குற்றம் முழுவதும் என்னுடையதல்ல; தமிழுக்கும் அதில் பங்குண்டு. கடலில் நீந்துவதும் ஆமை, குளத்துச் சேற்றில் புதைந்து கிடப்பதும் ஆமை, வாழ்நாள் முழுக்கக் காட்டுத் தரையில் நடந்து திரிவதும் ஆமை. சிங்களத்தில் கடலாமைக்காவது 'கெஸ்பேவா' என்று தனிப்பெயர் இருக்கிறது, மற்றவை 'இப்பா'. எங்களுக்கு எல்லாம் ஒரே ஆமை. அந்த ஒரு சொல்லை நம்பி, 2023 ஜூலை மாதத்து வியாழக்கிழமை இரவொன்றில் ஓர் உயிரைக் கொல்லப் பார்த்தேன்.

அதைக் கொண்டுவந்தவன் தாத்தாவின் மகன். லொறியொன்றில் உதவியாளாகப் போய்வருபவன். வண்ணாத்திவில்லுப் பக்கம் மரமுந்திரிகைத் தோட்டங்களுக்கு நடுவே வரும்போது வீதியைக் கடந்துகொண்டிருந்ததாம். லொறியை நிறுத்தி, தூக்கி, பாண் பெட்டியொன்றில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். "மச்சிக்குத் தந்து போகலாமெண்டு கொண்டந்த, மாமா" என்றான். ஏழு வயது மகள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவள் அதன் பிறகு அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அழகான பிராணி. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளம். கறுத்த ஓட்டில் ஒவ்வொரு மேட்டின் உச்சியிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர்போலப் பிரிந்து ஓடின. நட்சத்திர ஆமை என்ற பெயரை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. தொட்டதும் 'ஸ்ஸ்' என்று தலையை உள்ளே இழுத்தது. "சீறுது வாப்பா" என்று மகள் பின்வாங்கினாள். அது சீற்றமல்ல, தலையும் கால்களும் உள்ளே போக இடம் வேண்டுமென்பதற்காக நுரையீரலிலிருந்து காற்று வெளியேறும் ஓசை. இதுவும் பிறகு தெரிந்துகொண்டதுதான்.

அன்றிரவு பெரிய பிளாஸ்டிக் பேசினில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி அதை உள்ளே விட்டேன். காய்ந்த இடத்தில் வந்தது, குளிர்ந்துகொள்ளட்டும் என்று எண்ணம். சற்று நேரத்தில் நகம் சுரண்டும் சத்தம். கேட்டதும் மகளுக்கு மகிழ்ச்சி: "நீந்துது!" கதவைப் பூட்ட வந்த மனைவிதான் பார்த்தாள். கழுத்தை முடிந்தமட்டும் மேலே நீட்டி, நான்கு காலாலும் பேசினின் வழுக்கும் சுவரை உதைத்துக்கொண்டிருந்தது. வெளியே எடுத்தபோது மூக்கில் தண்ணீர் குமிழியிட்டது. தரையாமைக்கு நீந்தத் தெரியாது. பாரமான உடல், ஆழமான தண்ணீரில் களைத்து மூழ்கிவிடும். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் காலையில் வளவில் ஒரு குழி தோண்டியிருப்பேன்.

மறுநாளிலிருந்து விருந்து. சோறு வைத்தோம், பார்க்கவில்லை. பாலில் ஊறவைத்த பாண் வைத்தோம். முகர்ந்துவிட்டு மிதித்துக்கொண்டு போனது. மகள் தன் பங்கு நெத்தலியைக் கொண்டுவந்து வைத்தாள். பூனை தின்றது. நான்கு நாட்களாக ஒரு பிடி உணவு உள்ளே போகவில்லை. "சுல்தான் கோவமா இருக்கார்" என்று மகள் விளக்கம் சொன்னாள். பெயர் முதல் நாளே வைத்தாகிவிட்டது.

பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்ற பழமொழியைச் சொன்னார். பழமொழியின் அமீனா, கடன்காரர் வீட்டில் ஜப்திக்கு வரும் நீதிமன்றச் சேவகன். எங்கள் தெருவிலோ மூன்று வீடுகளில் அமீனா என்ற பெயருடைய பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் ஒருத்தி என் மகளின் தோழி. அவள் அன்று மாமியோடு கதைக்கவே இல்லை. எல்லோரும் சிரித்தோம். அந்தப் பழமொழியில் ஏதோ இருக்கிறது என்பது திங்கட்கிழமைதான் எனக்கு விளங்கியது.

திங்கட்கிழமை, பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மிருக வைத்தியர் ஒருவரிடம் போனேன். "சேர், நான் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மருந்து குடுக்கிற ஆள்" என்று சொல்லிக்கொண்டேதான் அவர் அதைக் கையில் எடுத்தார். ஆனால் விசயம் தெரிந்தவர். மூக்கில் சளி வடிகிறதா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா என்று பார்த்தார். தண்ணீர் நுரையீரலுக்குப் போயிருந்தால் அவைதான் அடையாளமாம். நல்லவேளை இல்லை. அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஆணுக்கு அடியோடு குழிந்திருக்கும், வால் நீளமாக இருக்கும்; இது தட்டையானது, வால் கட்டை. "பெண்" என்றார். சுல்தான் அன்று சுல்தானாவானாள்.

மகள் ஓட்டின் வளையங்களை எண்ணி அதற்கு பதினொரு வயது என்று தீர்மானித்திருந்தாள். அதைச் சொன்னேன். வளையத்தை நம்ப முடியாது என்றார். நல்ல தீன் கிடைத்த காலத்தில் ஒரு வருடத்தில் ஒன்றுக்கு மேலும் விழும், வறட்சியில் விழாமலும் போகும். ஓடு என்பது அது போட்டுக்கொண்டிருக்கும் சட்டையல்ல, முள்ளந்தண்டும் விலா எலும்புகளும் சேர்ந்து அகன்று வந்த உடம்பு, தடவினால் அதற்குத் தெரியும் என்றும் சொன்னார். கயிறு கட்டுவதற்காக ஓட்டின் ஓரத்தில் துளை போடுபவர்களை நான் கண்டிருக்கிறேன். துளை போடுகிறவனுக்கு அது எலும்பு என்று தெரியாது.

அவர் சொன்னவற்றை மகளின் கொப்பியில் எழுதிக்கொண்டேன். பால் கூடாது, செரிக்காது. சோறு, பாண், இறைச்சி, மீன் கூடாது. புல்லும் இலையும்தான் உணவு. அறுகம்புல், நாகதாளி மடல், செவ்வரத்தைப் பூவும் இலையும், முருங்கையிலை. பசளி போன்ற கீரைகளைக் குறைவாக. அவற்றிலுள்ள ஒட்சலேற்று சுண்ணாம்புச் சத்தை உடம்பு எடுக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். பப்பாசி, வத்தகப்பழம் எப்போதாவது ஒரு துண்டு. காலை வெயில் கட்டாயம். வெயில் இல்லாவிட்டால் தின்ற சுண்ணாம்பு ஓட்டுக்குச் சேராது, ஓடு மென்மையாகிவிடும். கண்ணாடிக்குப் பின்னால் வரும் வெயில் கணக்கில்லை. அதேயளவு நிழலும் வேண்டும். தண்ணீர் அகன்ற தட்டில், அதன் நாடிக்குக் கீழே நிற்குமளவு மட்டும். சீமெந்துத் தரையிலும் மாபிளிலும் விடக்கூடாது. தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். ஊர்வனவற்றின் உடம்பில் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கும், சிறுபிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், தேவையில்லாமல் தூக்கக்கூடாது. பயந்தால் சிறுநீரை விட்டுவிடும். காட்டில் மழையில்லாத மாதங்களில் அந்த நீர்தான் அதன் சேமிப்பு.

கொப்பியை மூடும்போது, "இதையெல்லாம் ஏன் சொல்லுறனெண்டா, குடுக்கும்வரைக்கும் இது உயிரோட இருக்கவேணும்" என்றார்.

"யாருக்குக் குடுக்க?"

"வனசீவராசிகள் ஆக்களுக்கு. வீட்டில வைக்கிறது சட்டப்படி குற்றம், சேர். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருப்பதும், பல தடவை திருத்தப்பட்ட அந்தச் சட்டத்தின் கீழ் இந்த ஆமையைப் பிடிப்பதோ வைத்திருப்பதோ கூடாதென்பதும் அன்றுதான் தெரியும். இந்தியாவிலும் இலங்கையிலும் பாகிஸ்தானின் ஒரு பகுதியிலும் மட்டும் இயற்கையாக வாழும் இனம். நம் நாட்டில் வறண்ட வலயத்துக்கு உரியது. உலகில் மிக அதிகமாகக் கடத்தப்படும் தரையாமைகளில் ஒன்று. பயணப் பொதிகளுக்குள் ஒட்டுநாடா சுற்றி அடுக்கப்பட்ட நிலையில் விமான நிலையங்களில் பிடிபடும் ஆமைகளைப் பற்றிப் பத்திரிகையில் வாசித்திருக்கிறேன். அவையும் இதுவும் ஒன்றென்று நினைத்துப் பார்த்ததில்லை. 2019இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் இதைச் சர்வதேச வர்த்தகம் தடைசெய்யப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தன. ஆமை வந்தால் பின்னாலேயே அமீனாவும் வருவான் என்று மாமி சொன்னது சரிதான்.

இந்த இடத்தில் நான் செய்ததை ஒளிக்காமல் எழுதவேண்டும். அன்றே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. தெரிந்த பிறகும் இரண்டு வாரம் வைத்திருந்தேன்.

காரணம் கேட்டால் நிறையச் சொல்வேன். இப்போதுதான் சாப்பிடத் தொடங்கியிருக்கிறது, கொஞ்சம் தேறட்டும். பிள்ளை அழுவாள். பாடசாலையில் பரீட்சை நடக்கிறது, லீவு போட முடியாது. இதில் ஒன்றும் பொய்யில்லை, ஒன்றும் காரணமுமில்லை. உண்மை என்னவென்றால் நான் அந்த வேலையில் தேர்ச்சியடைந்துகொண்டிருந்தேன். கொப்பியில் எழுதியதையெல்லாம் செய்தேன். வளவின் மதில் மூலையில் பலகைகள் வைத்து மறித்தேன். கம்பி வலை வைத்தால் அந்தப் பக்கம் தெரியும். தெரிந்தால் தலையைக் கொடுத்து முட்டிக்கொண்டே இருக்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மண்ணைக் கிளறிவிட்டு, உடைந்த மண்பானையின் பாதியைக் கவிழ்த்து வைத்தேன். காகத்துக்கும் கீரிக்கும் பயந்து இரவில் பெட்டிக்குள் எடுத்தேன். சுபஹுத் தொழுதுவிட்டு வந்ததும் அறுகம்புல் பிடுங்குவது வழக்கமாகிவிட்டது.

வைத்தியரிடம் போய்வந்த மறுநாள் ஒரு செவ்வரத்தைப் பூவை முழுதாகத் தின்றது. முன்காலால் பூவை அமர்த்தி, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து, பல்லில்லாத வாயால் கிழித்துக் கிழித்துத் தின்றது. வாயெல்லாம் சிவப்பு. மகள் கைதட்டினாள். நான் கைதட்டவில்லை என்றாலும் அவளைவிட எனக்குத்தான் சந்தோசம். மூலைக் கடைத் தராசில் நிறுத்தோம்: 780 கிராம். அடுத்த கிழமை 800 கிராம். அந்த 20 கிராமைப் பற்றிப் பாடசாலை ஓய்வறையில் எல்லோரிடமும் சொன்னேன். சட்டத்தைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை.

மனைவி ஒரு தடவை மட்டும் கேட்டாள். "பூனையைக் கட்டிவச்ச பொம்பளைட கதை ஞாபகம் இருக்கா?" தீனும் போடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் பூனையை அடைத்துவைத்தவளுக்கு வந்த தண்டனையை மதரசாவில் எல்லோரும் படித்திருக்கிறோம். "நான் தீன் போடுறன்தானே" என்றேன். அவள் அதற்குமேல் கதைக்கவில்லை. தீன் போடுவதோடு முடிந்ததா என்று நானும் என்னைக் கேட்கவில்லை.

வாப்பாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவருக்கு 78 வயது. விறாந்தையில் பிரம்புக் கதிரையில் இருப்பார். அங்கிருந்து பார்த்தால் மதில் மூலை நேரே தெரியும். ஆமை வந்த நாளிலிருந்து அவர் அதைத் தொடவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை. மன்னார்த் தீவில், எருக்கலம்பிட்டியில் அவர் சிறுவனாக இருந்த காலத்தில் மழை விட்டதும் பற்றைகளுக்குள்ளிருந்து இவை வெளிப்படும் என்று மகளுக்கு ஒருநாள் சொன்னார். அவ்வளவுதான்.

இந்த ஆமைகள் நடுப்பகல் வெயிலில் எங்காவது நிழலில் அசையாமல் கிடக்கும். காலையிலும் பின்னேரத்திலும்தான் நடமாட்டம். எங்கள் சுல்தானா அசர் பாங்குக்குப் பிறகு பானைக்குள்ளிருந்து வெளியே வருவாள். புல்லைக் கொஞ்சம் தின்பாள். பிறகு நடக்கத் தொடங்குவாள். பலகையோரமாகப் போய், மூலையில் திரும்பி, மதிலோரமாக வந்து, மறுபடி மூலை. மகரிப் வரைக்கும் இதே நடை. இரண்டு கிழமையில் அந்த ஓரம் முழுவதும் மண் அமர்ந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு தடம் விழுந்துவிட்டது. நல்ல உடற்பயிற்சி என்று நான் நினைத்தேன். மகளிடம் அப்படியே சொன்னேன்.

பதினெட்டாவது நாள், ஞாயிற்றுக்கிழமை. நான் புல் போட்டுவிட்டு வாப்பாவின் பக்கத்தில் வந்திருந்தேன். இருவரும் அந்த நடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது உலாத்துது எண்டா நினைக்கிற?" என்றார்.

"வேறென்ன வாப்பா?"

"வாசல் தேடுது."

கொஞ்ச நேரம் சும்மாயிருந்தார். பிறகு, "நீ நல்லாத்தான் பாக்கிற. குறை சொல்லேலாது" என்றார். "எங்களையும் நல்லாத்தான் பாத்தாங்க. வந்து இறங்கின அண்டைக்குக் கல்பிட்டியில சோறு வந்தது. புத்தளத்தில வீட்டுக்கு வீடு ஆக்கித் தந்தாங்க. ஒரு நாள் பட்டினி கிடக்கல்ல. நான் எண்டா ஒவ்வொரு நாளும் அசருக்குப் பிறகு வெளிக்கிட்டு மன்னார் ரோட்டுப் பக்கமா நடப்பன். போக ஏலாதெண்டு தெரியும். நடந்திட்டு வருவன்."

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதினாறு வயது. வள்ளத்தில் வந்தது நினைவிருக்கிறது. முகாமில் கிடுகுக் கொட்டில் நினைவிருக்கிறது. வாப்பா பின்னேரங்களில் காணாமல் போவதும் நினைவிருக்கிறது. எங்கே போகிறார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கால் மரத்துப்போகாமலிருக்க நடக்கிறார் என்று உம்மா சொல்லியிருந்தா. முப்பத்து மூன்று வருடம் கழித்து, ஓர் ஆமையின் பேரில் அந்தப் பதில் வந்தது.

அடுத்த நாள் லீவு போட்டேன்.

மகள் அழுதாள். அழுதுகொண்டே தானும் வரவேண்டுமென்றாள். பெட்டிக்குள் வைக்கோலும் புல்லும் போட்டு, மேலே ஒரு செவ்வரத்தைப் பூவையும் வைத்தாள். எங்காவது பற்றையில் நாங்களே விட்டுவிட்டால் என்ன என்று மருமகன் போனில் கேட்டான். அதை வைத்தியர் முன்பே தடுத்திருந்தார். வீட்டில் இருந்த பிராணி நோயைக் காட்டுக்குக் கொண்டுபோகலாம். பழக்கமில்லாத இடத்தில் விட்டால் தண்ணீர் எங்கே, நிழல் எங்கே என்று தெரியாமல் அலைந்து வீதிக்கு வந்துவிடும்.

அலுவலகத்தில் இருந்த உத்தியோகத்தர் சிங்களவர். என்னுடைய அரைகுறைச் சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன். இரண்டு வாரம் தாமதித்ததையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஆமையை மெல்லத் திருப்பிப் பார்த்தார், மூக்கையும் கண்ணையும் பார்த்தார், ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். முதல் கேள்வி:

"எடுத்த இடம் எது?"

"வண்ணாத்திவில்லுப் பக்கம்" என்றேன்.

"பக்கம் என்றால் போதாது. சரியான இடம்?"

மருமகனுக்கு அங்கிருந்தே போன் எடுத்தேன். அவனுக்கும் சரியாகத் தெரியவில்லை. லொறிச் சாரதியிடம் கேட்டான். ஒரு மதகு, அதற்குப் பிறகு ஒரு வளைவு, இடதுபக்கம் கம்பிவேலி என்று துண்டு துண்டாகத் தகவல் வந்தது. உத்தியோகத்தர் பொறுமையாக எழுதிக்கொண்டார். நலமாக இருந்தால் அந்தப் பகுதியிலேயே விடப் பார்ப்பார்கள் என்றார். ஓட்டைத் தடவிவிட்டு மகளைப் பார்த்து, நன்றாகக் கவனித்திருக்கிறாய் மகள் என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

திரும்பி வரும் வழியில் அந்தக் கேள்வியே மனதில் நின்றது. அந்த இடத்தைத் தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தது. அதனிடம் கேட்க வழியில்லை. எங்களிடம் இருந்தது 'அந்தப் பக்கம்' என்ற ஒரு சொல்தான். வாப்பாவிடம் ஊரைப் பற்றிக் கேட்டால் 'மன்னார்ப் பக்கம்' என்று ஒருநாளும் சொல்லமாட்டார். எந்தக் கிணறு, அதிலிருந்து எத்தனை எட்டில் எந்தப் பூவரசு என்றுதான் தொடங்குவார்.

பலகைகளை அடுத்த நாளே எடுத்துவிட்டேன். பானைத் துண்டை மகள் எடுக்க விடவில்லை. மண்ணில் விழுந்த தடம் ஒக்டோபர் மழை வரும்வரை இருந்தது. முதல் இரண்டு மழைக்கும் கரையவில்லை. பள்ளத்தில் தண்ணீர் தேங்கி இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பிறகு அறுகம்புல் மூடிக்கொண்டது.

வாப்பா இப்போதும் இடைக்கிடை கேட்பார். "அதை எடுத்த இடத்திலயே விட்டாங்களா?"

"ஓம் வாப்பா" என்பேன்.

விட்டார்களா என்று எனக்குத் தெரியாது. போய்க் கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். நேர்த்தியாக எழுதி எடுத்த அந்தத் தாள் எங்கோ ஒரு கோப்பில் இருக்கும். ஒரு மதகு, ஒரு வளைவு, ஒரு கம்பிவேலி.